ஃப்ளிட்

லெஷெக் போய்விட்டான்.
இரண்டு மாத வாடகை, கரண்ட் பில்,
என்னுடைய நல்ல குடை.
முதல் ரயில் மரைன் டிரைவை உலுக்கும் முன்
இறங்கியிருக்க வேண்டும்.
மூன்றாவது படி கிறீச்சிடும் என்று
அவனுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

அனெக்ஸ் மேசையில் ஒரு கொப்பி.
இடப்பக்கம் இங்கிலீஷில் ஒரேயொரு சொல்,
நடுவில் போலந்து மொழியில் ஏழெட்டு,
வலப்பக்கம் வெற்று நிரல்,
அதன் தலையில் என் பெயர்.

போன ஐப்பசியில், வெள்ளவத்தை முழுக்க
கான் நிரம்பி வழிந்த ஒரு பின்னேரம்
இறங்கி வந்து கேட்டான்:
மிஸிஸ் திலகேஸ், ஃப்ளிட் என்றால் தமிழில் என்ன?
நுளம்பு மருந்து, என்றேன்.
தகரப் பம்பு. பின்னால் இழுத்து முன்னால் தள்ளினால்
கட்டிலுக்கடியில் புகை போகும்.
ஐயா அடிக்க, நாங்கள் மூக்கைப் பொத்துவோம்.

சிரித்துச் சிரித்துத் தேத்தண்ணியைச் சிந்தினான்.
பறவைகள் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றை
மொழிபெயர்க்க எடுத்திருந்தான்.
அதில் குருவிகள் நாற்பத்தொரு தடவை
ஃப்ளிட் பண்ணினவாம்.
எல்லாவற்றுக்கும் ஒரே சொல் போட்டால்
கிராக்கோவில் எடிட்டர் என்னைத் தின்றுவிடுவாள்.

ஃப்ரூவாச், என்றான்.
வண்ணத்துப்பூச்சிக்கு அது,
காற்றில் போகிற பொலித்தீன் பைக்கும் கொடுக்கலாம்.
ஷ்மிகாச்: தகைவிலானுக்கு,
காலி ரோட்டில் பஸ்ஸுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே
ஸ்கூட்டரில் பாய்கிற பெடியன்களுக்கு.
ப்ஷெமிகாச்: சுவரோரம் போகிற பூனைக்கு.
வந்து, நாங்கள் பிடிக்கும் முன்
மறைந்துபோகிற நினைப்புக்கும் அதுவேதான்.

அந்த மொழியில் வினைக்கு இரண்டு வாசல்.
போய்க்கொண்டேயிருப்பதற்கு ஒன்று,
ஒரே தடவை போய் முடிவதற்கு இன்னொன்று.
ப்ஷெம்க்னொஞ்ச்.
என் வாயில் அது
உடைந்த பொரிவிளாங்காய் மாதிரி உருண்டது.

இன்னொரு அர்த்தமும் உண்டு, என்றான்.
இங்கிலாந்தின் வடக்கே
வாடகை கொடாமல் இராவோடு இராவாக
வீடு மாறுவதற்கும் இதே சொல்.
அவன் சிரித்தான்.
நான் கோப்பையைக் கழுவ எழும்பினேன்.

தெஹிவளை, தொண்ணூற்றாறு.
தமிழ் ஆட்கள் குடியிருக்கும் வீடுகளில்
பொலிஸ் பதிவுப் படிவம் வாசல் வாசலாக வந்த மாதம்.
இவருக்கு வேலை போயிருந்தது.
மிஸிஸ் ஜான்ஸ் மேல்மாடியில்
ரேடியோவை அணைக்க மறந்து தூங்க,
நௌஷாடின் லொறியில்
அலுமாரி ஏறவில்லை, விட்டுவிட்டோம்.
பிரஷர் குக்கர் ஏறியது,
மகளின் பள்ளிச் சப்பாத்து ஏறியது,
மகள் நித்திரையோடு ஏறினாள்.
மூன்று மாத வாடகை ஏறவில்லை.

ஆறு வருஷம் கழித்துக் காசோடு போனேன்.
அந்த இடத்தில் டெலிபோன் கடை.
மிஸிஸ் ஜான்ஸ்? யார், என்றான் ஒருவன்,
ஒஸ்ட்ரேலியாவோ, மயானமோ, என்றான் மற்றவன்.
என்வலப் இன்னும் பிஸ்கட் தகரத்துக்குள் கிடக்கிறது.
அதிலுள்ள காசுக்கு
இப்போது ஒரு மீன் பார்சலும் வராது.

மருமகன் பொலிஸுக்குப் போகச் சொல்கிறார்.
பாஸ்போர்ட் கொப்பி இருக்கிறதுதானே, மாமி?
இருக்கிறது.

வலப்பக்க நிரலில் பென்சிலால்
துள்ளல் என்று எழுதினேன். அது கன்றுக்குட்டி.
தத்தல் என்று எழுதினேன். அது மைனா,
அதற்கு அவசரமில்லை.
நழுவல்: அதில் கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் வெட்கம்.
எல்லாவற்றையும் வெட்டினேன்.
எங்கள் பக்கத்தில் போகிறவளுக்கு முன்னால்
போகிற சத்தம்தான் போகும்.
விர்ரெண்டு, சடக்கெண்டு,
கதவைச் சாத்தினது கூடத் தெரியாமல்.

விசுக்கெண்டு.

அதைப் பேனாவால் எழுதினேன்.
பிறகு கொப்பியைப் பிஸ்கட் தகரத்தில் வைத்து மூடிவிட்டு,
வெளியே போகக் குடையைத் தேடினேன்.